சத்தமாக வைத்தால்தான் பாட்டு புரிகிறதா? அந்த ஸ்பீக்கரை வாங்காதீர்கள்!

இரவு மணி 11. திருச்சி நகரில் ஒரு போலீஸ் நிலையம். திருட்டு கேஸ் ஏதாவது கிடைக்குமா என்று எட்டிப் பார்த்தேன்.

பெஞ்சில் 2 பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்குச் சட்டைப் பை கிழிந்து தொங்கியது. இன்னொருவருக்கு உதட்டில் ரத்தம். இருவரும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். நடுவில் ஒரே ஒரு பொதுச்சுவர்.

தகராறு எதற்கு? இடத்துக்கா? இல்லை. தண்ணீர்க் குழாய்க்கா? அதுவும் இல்லை. ஒரு ஸ்பீக்கர் பெட்டிக்கு!

தீபாவளி போனசில் 18 ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய பெட்டி. வாங்கியவர் ஒரு கம்பெனி குமாஸ்தா. சுவருக்கு அந்தப் பக்கம் பிளஸ்-2 படிக்கும் பெண். அதற்குப் பக்கத்து அறையில் இதய நோயாளியான பாட்டி. "சுவரே அதிருது சார். பாட்டி நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துடுறாங்க" என்றார் பெண்ணின் தகப்பனார்.

சப்-இன்ஸ்பெக்டர் குமாஸ்தாவைப் பார்த்து, "ஏன்யா, குடும்பஸ்தன்தானே நீ? ராத்திரியில எதுக்கு இவ்வளவு சத்தம்?" என்றார்.

குமாஸ்தா சொன்ன பதில்தான் என்னை இதை எழுத வைத்தது.

"நான் குத்துப்பாட்டு போடலை சார். பழைய பாட்டுதான். கம்மியா வெச்சா வார்த்தையே புரியல. கொழகொழன்னு இருக்கு. சத்தமா வெச்சாத்தான் என்ன பாடறாங்கன்னு தெரியுது."

இது பாட்டுப் பைத்தியத்தால் வந்த சண்டை இல்லை. தப்பான பெட்டியை வாங்கியதால் வந்த சண்டை! மோசமான ஸ்பீக்கர் குறைந்த சத்தத்தில் தெளிவாகப் பேசாது. தெளிவு இல்லாததால் குமிழைத் திருகுகிறோம். திருகத் திருக, பாட்டோடு இடியும் சேர்ந்து ஏறுகிறது. நம் வீட்டில் பாட்டு. அடுத்த வீட்டில் வெறும் இடி.

வீட்டுக்கு ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். குறைந்த சத்தத்தில் எது தெளிவாகக் கேட்கிறதோ, அதை வாங்குங்கள். மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

*பெட்டி மேல் ஒரு பொய்*

"கொலை, கொள்ளை எழுதுகிற உனக்கு ஸ்பீக்கரைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்பீர்கள். அடிபட்டுத் தெரிந்துகொண்டேன்.

என் அப்பா ரிட்டயர் ஆனதும் பாட்டு கேட்க ஒரு செட் வாங்கினார். கடையின் பெயர் வேண்டாம். அட்டைப் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் "5000 வாட்ஸ்" என்று இருந்தது. பக்கத்தில் பொடி எழுத்தில் "பி.எம்.பி.ஓ." என்று இருந்தது. அப்பா கொட்டை எழுத்தை மட்டும் படித்தார்.

ஒரு வாரத்தில் அலுத்துவிட்டது. எந்தப் பாடகர் பாடினாலும் பானைக்குள் தலையை விட்டுப் பாடுவது போல் இருந்தது. ஒருநாள் செட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். கரண்டு கொடுக்கும் அடாப்டரில் 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று அச்சடித்திருந்தது.

கணக்குப் போட்டேன். 12-ஐ 2-ஆல் பெருக்கினால் 24. உள்ளே போவதே 24 வாட்ஸ்தான்! வெளியே 5 ஆயிரம் வாட்ஸ் எப்படி வரும்? கால்படி அரிசி போட்டு ஊருக்கே சோறு வடிக்க முடியுமா?

பி.எம்.பி.ஓ. என்பது கண் இமைக்கும் நேரத்துக்கு ஏறி இறங்கும் உச்சத்தைச் சொல்வதாம். அதை இப்படித்தான் அளக்க வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட முறை கிடையாது. அவரவர் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ளும் எண் அது.

நீங்கள் பார்க்க வேண்டியது "ஆர்.எம்.எஸ்." என்று போட்டிருக்கும் வாட்ஸ். செட் விடாமல் தொடர்ந்து தரக்கூடிய பலம் அதுதான். அது அட்டையில் இல்லை என்றால், பின்பக்கத் தகட்டில் அந்த செட் எவ்வளவு கரண்டு இழுக்கும் என்று இருக்கும். பொய்ச்சாட்சியைப் போலீசார் எப்படி மடக்குகிறார்கள்? சொன்னதையும் கையில் கிடைத்த தடயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். நீங்களும் முன்பக்க எண்ணையும் பின்பக்கத் தகட்டையும் அப்படி வைத்துப் பாருங்கள். பொய் அம்பலமாகிவிடும்.

*வாட்ஸ் கூடினால் சத்தம் கூடுமா?*

இன்னொரு விஷயம். 50 வாட்ஸ் செட்டுக்குப் பதில் 100 வாட்ஸ் செட் வாங்கினால் சத்தம் இரண்டு மடங்கு ஆகும் என்று நினைக்கிறோம். ஆகாது. 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு அது "கொஞ்சம் கூடியிருக்கிறது" என்றுதான் தெரியும். இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டும் என்றால், ஏறக்குறைய 10 மடங்கு வாட்ஸ் வேண்டும்.

கூடத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பாட்டுக் கேட்கும்போது செட் சராசரியாக ஒன்றிரண்டு வாட்ஸ்தான் செலவழிக்கும். திடீரென்று தவில் முழங்கும்போது அதைவிட அதிகம் கேட்கும். அதற்கும் இடம் வைத்து, ஒரு பக்கத்துக்கு 20, 30 நிஜ வாட்ஸ் இருந்தால் சாதாரணக் கூடத்துக்குத் தாராளம்.

வாட்ஸை விட முக்கியமான எண் ஒன்று இருக்கிறது. "சென்சிட்டிவிட்டி" என்பார்கள். 1 வாட் கொடுத்து, 1 மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் சத்தம் வருகிறது என்ற கணக்கு. 86 டெசிபல் ஸ்பீக்கரை விட 89 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பாதி வாட்ஸ் போதும். அது பெட்டியின் மைலேஜ்! மோட்டார் சைக்கிள் வாங்கும்போது மைலேஜ் கேட்கிறோம் அல்லவா? இதையும் கேளுங்கள். ஆம்ப்ளிபயர் தனி, ஸ்பீக்கர் தனி என்று வாங்குபவர்கள் "எத்தனை ஓம்" என்றும் கேட்க வேண்டும். 8 ஓமுக்கு மட்டும் என்று சொன்ன ஆம்ப்ளிபயரில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் சூடேறி, கடைசியில் கெட்டும் போகலாம்.

*கடையில் நடக்கும் தந்திரம்*

மெயின்கார்டு கேட், பெரிய கடைவீதி பக்கம் மாலை நேரத்தில் நடந்து போனால் தெரியும். கடை வாசலில் பெட்டி அலறும். வண்ண விளக்கு சுற்றும். நெஞ்சுக்கூடு அதிரும். "சூப்பர் சவுண்டு!" என்று நாலு பேர் நிற்பார்கள்.

மனிதக் காதுக்கு ஒரு பலவீனம் உண்டு. 2 பெட்டிகளை மாற்றி மாற்றிப் போட்டால், கொஞ்சம் சத்தமாக இருப்பதுதான் நல்லது என்று தோன்றும். இது வியாபாரிக்குத் தெரியும். லாபம் அதிகம் உள்ள பெட்டியைக் கொஞ்சம் தூக்கி வைப்பவரும் உண்டு. எல்லா வியாபாரியும் அப்படி என்று சொல்லவில்லை. பொறுமையாக ஒரு மணி நேரம் போட்டுக் காட்டும் நல்லவர்களையும் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். "அண்ணே, சத்தத்தைக் குறைங்க. பேஸ், ட்ரெபிள் ரெண்டையும் நடுவுல வைங்க" என்று சொல்லுங்கள். நீங்களும் கடைக்காரரும் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் அளவுக்குக் குறைய வேண்டும். பிறகு 3 பரீட்சை வையுங்கள்.

முதல் பரீட்சை, பேச்சு. திருச்சி வானொலி 1939-ம் ஆண்டு மே 16-ந் தேதி தொடங்கியது. அன்றிலிருந்து இந்த ஊர்க்காரன் காதுக்குச் செய்தி வாசிப்பது பழக்கம். செல்போனில் ஒரு செய்தி அறிக்கையைப் போட்டுக் கேளுங்கள். "பள்ளி", "வள்ளி" என்ற 2 சொற்களும் தனித்தனியாகக் காதில் விழ வேண்டும். ஆண் குரல் பீப்பாய்க்குள்ளிருந்து வருவது போல் இருந்தால், அந்தப் பெட்டியை அப்போதே தள்ளி வையுங்கள். வயதானவர்கள் உள்ள வீட்டுக்கு இது ரொம்ப முக்கியம். வயது ஏற ஏற, முதலில் மங்குவது கீச்சென்ற மேல் ஒலிகள்தான். ச, ட, த போன்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டுவது அந்த ஒலிகள். அதை விட்டுவிட்டு "தாத்தாவுக்குக் காது கேட்கவில்லை" என்று இடியைக் கூட்டினால், தாத்தாவுக்கு இடிதான் கேட்கும். வார்த்தை கேட்காது.

இரண்டாவது பரீட்சை, நாதசுவரம், தவில். ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்து 1999-ல் மறைந்த ஷேக் சின்ன மௌலானாவின் வாசிப்பு ஏதாவது ஒன்றைப் போடுங்கள். நாதசுவரம் ஓங்கும்போது காது கூசக் கூடாது. தவிலில் ஒரு பக்கம் குச்சி அடி. மறுபக்கம் விரல் கூடு போட்ட அடி. இரண்டும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். எல்லாம் சேர்ந்து "தொம் தொம்" என்று ஒரே சத்தமாக வந்தால், அது பேஸ் இல்லை, கூச்சல்.

மூன்றாவது பரீட்சை, உங்களுக்குத் தலைகீழாகத் தெரிந்த பாட்டு. கடைக்காரர் போடும் பாட்டு வேண்டாம். அது அவருடைய பெட்டிக்கு ஏற்றதாகப் பொறுக்கி எடுத்தது. திருச்சியில் வளர்ந்த தியாகராஜ பாகவதரின் ரசிகரா? 1944-ல் வந்த "ஹரிதாஸ்" படப் பாட்டைப் போடுங்கள். அந்தக் காலத்து இசைத்தட்டில் ஆழமான அடி ஒலி பதிவாகவே இல்லை. ஆளுயர இடிப்பெட்டி வாங்கினாலும் அதிலிருந்து எடுக்க ஒன்றும் கிடையாது. குரல்தான் எல்லாம். பழைய பாட்டுப் பிரியர்கள் பேஸுக்குக் காசு கொடுப்பது தண்டம்.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. சத்தத்தைக் குறைத்தால், எவ்வளவு உயர்ந்த ஸ்பீக்கரிலும் பேஸ் கொஞ்சம் ஒடுங்கியது போல் தெரியும். அது பெட்டியின் குற்றம் அல்ல. நம் காதின் அமைப்பு அப்படி. இதை 1933-லேயே பிளெட்சர், மன்சன் என்ற 2 அமெரிக்கர்கள் அளந்து சொல்லிவிட்டார்கள். அதை ஈடுகட்டத்தான் பழைய செட்டுகளில் "லவுட்னஸ்" என்று ஒரு பொத்தான் வைத்தார்கள். அதனால் மெதுவாக வைக்கும்போது இடி குறைவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். வார்த்தை தெளிவாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

*பெரிய பெட்டி ஒன்றா? சின்னப் பெட்டி இரண்டா?*

நம் வீட்டுக் கூடம் 10 அடிக்கு 12 அடி. அதில் ஆளுயர டவர் எதற்கு? பெட்டி பெரிதாக இருந்தால்தான் ஆழமான ஒலி வரும் என்ற எண்ணம் 1954-லேயே உடைந்துவிட்டது. அமெரிக்காவில் எட்கர் வில்சர் என்பவர், காற்றுப் புகாமல் மூடிய சின்னப் பெட்டியிலேயே ஆழமான ஒலியைக் கொண்டுவந்து காட்டினார். புத்தக அலமாரியில் வைக்கிற அளவில் ஹை-பை ஸ்பீக்கர் வீடுகளுக்கு வந்ததற்கு அது ஒரு பெரிய காரணம்.

என் யோசனை கேட்டால், ஒரே பணத்துக்கு ஒரு பெரிய பெட்டியை விட 2 சின்னப் பெட்டிகள் மேல். தமிழ்ப்படப் பாட்டில் ஸ்டீரியோ ஒலிப்பதிவு என்றாலே 1978-ல் வந்த "ப்ரியா" படத்தைத்தான் சொல்வார்கள். ஒரு வாத்தியம் இடது பக்கம், இன்னொன்று வலது பக்கம், பாடகர் நடுவில். அப்படிப் பதிந்த பாட்டை ஒற்றைப் பெட்டியில் கேட்டால், முழுக் கச்சேரியையும் ஒரு ஜன்னல் வழியாகப் பார்ப்பது போல. வாத்தியங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்காரும். வார்த்தை புரியாது. உடனே கை குமிழுக்குப் போகும்!

செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டிலிருந்து வந்த பழைய நல்ல ஸ்பீக்கர்கள் மலிவாகக் கிடைக்கும். வாங்கலாம். ஆனால் முன்பக்கத் துணியைக் கழற்றிப் பாருங்கள். காகிதக் கூம்பைச் சுற்றி வளையம் இருக்கும். அது பஞ்சு போன்ற போம் என்றால், 10, 15 வருடத்தில் தானாகவே உதிர ஆரம்பித்துவிடும். விரலால் லேசாகத் தொட்டதும் பொடிந்தால் செலவு காத்திருக்கிறது என்று அர்த்தம். ரப்பர் வளையம் என்றால் அதைவிட அதிக நாள் தாங்கும்.

*செலவில்லாத வைத்தியம்*

ஸ்ரீரங்கம் உத்தர வீதி, சித்திரை வீதி வீடுகளைப் பாருங்கள். மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள சந்துகளைப் பாருங்கள். வீட்டோடு வீடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. தரை சிமெண்டு. சுவர் சிமெண்டு. கூடத்தின் நடுவில் நின்று கையைத் தட்டுங்கள். "டங்" என்று திரும்பிக் கேட்டால், அந்த அறையில் எந்த ஸ்பீக்கரும் தெளிவாகப் பேசாது. ஒரு கனமான திரைச்சீலை, தரையில் ஒரு ஜமுக்காளம், சுவரோரம் ஒரு புத்தக அலமாரி இருந்தால் பாதி எதிரொலி அடங்கிவிடும்.

பெட்டியை மூலையில் தள்ளாதீர்கள். மூலை இடியைப் பெருக்கும். பொதுச்சுவரில் சாத்தாதீர்கள். அடி ஒலிதான் சுவரைத் தாண்டுவதில் கெட்டிக்காரன். சுவரை விட்டு ஒரு முழமாவது தள்ளி, உட்கார்ந்தால் காது வரும் உயரத்தில் வையுங்கள். 2 பெட்டிக்கும் இடையே எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அதே தூரத்தில் நீங்கள் உட்காருங்கள்.

கம்பி மாட்டும்போது சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு பெட்டியில் மட்டும் மாறிப்போனால், ஒரு கூம்பு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். பேஸ் காணாமல் போகும். பாடகர் நடுவில் நிற்க மாட்டார். "செட் சரியில்லை" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன், இதை ஒரு தடவை பாருங்கள்.

*சட்டம் என்ன சொல்கிறது?*

"என் வீடு, என் செட், யார் கேட்பது?" என்று சிலர் சொல்கிறார்கள். சட்டம் கேட்கும். 2000-ம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் அளவு. தனியார் வீட்டு செட்டின் சத்தம், அந்த இடத்தின் எல்லையில் இந்த அளவை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது. பிறர் சத்தத்தைக் கேட்டே ஆக வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2005-ம் ஆண்டு ஜூலை 18-ந் தேதி தீர்ப்பில் தெளிவாக்கிவிட்டது.

சட்டம் வாங்கியவருக்கும் துணை நிற்கிறது. பில் இல்லாமல் வாங்காதீர்கள். பெட்டி மேல் உள்ள எண் பொய் என்றால், 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் புகார் சொல்லலாம். நம் ஆட்கள் பில்லையும் வாங்குவதில்லை, அட்டைப் பெட்டியையும் அன்றைக்கே பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடுகிறார்கள். அந்த அட்டைதானே தடயம்!

"ஹெட்போன் மாட்டிக்கொள்ள வேண்டியதுதானே?" என்று ஒரு நண்பர் கேட்டார். தனியாகக் கேட்பவருக்குச் சரி. அதிலும் சத்தத்தைக் கூட்டி மணிக்கணக்கில் மாட்டிக்கொண்டால் காது போய்விடும். ஆனால் வேலை முடிந்து வந்து, அப்பா, அம்மா, பிள்ளைகள் சேர்ந்து கேட்கும் சுகம் ஹெட்போனில் வருமா?

"இளவட்டம் அதிரடியைத்தானே விரும்புகிறது?" என்பதும் நியாயமான கேள்விதான். விரும்பட்டும். நானும் இளவட்டம்தான். நல்ல பேஸ் என்பது சரியாக அடித்துச் சட்டென்று நிற்பது. அடித்து முடித்த பிறகும் சுவரில் உருண்டுகொண்டிருப்பது அல்ல.

*சுவருக்கு அந்தப் பக்கம்*

அந்த ராத்திரி கேஸ் என்ன ஆயிற்று? சப்-இன்ஸ்பெக்டர் இருவரிடமும் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். குமாஸ்தாவின் முகம் என் மனதை விட்டுப் போகவில்லை. மறுநாள் காலையில் அவர் வீட்டுக்குப் போனேன்.

நான் நினைத்தது போலவே இருந்தது. பெட்டி தரையில், மூலையில், பொதுச்சுவரோடு ஒட்டி நின்றது. பேஸ் குமிழ் முழுதாகத் திருகியிருந்தது. இருவரும் சேர்ந்து பெட்டியை எதிர்ப்பக்கம் நகர்த்தினோம். ஒரு பழைய ஸ்டூல் மேல் ஏற்றினோம். பேஸைப் பாதிக்குக் கீழே இறக்கினோம். அவர் மனைவி ஒரு கம்பளியைக் கொண்டுவந்து வெறும் சுவரில் கொடியில் தொங்கவிட்டார்.

பாட்டைப் போட்டார். கால் பங்கு சத்தம்தான். வார்த்தை புரிந்தது. பிரமாதம் என்று சொல்ல முடியாது. 18 ஆயிரத்துக்கு இதைவிட நல்லதாக 2 சின்னப் பெட்டி கிடைத்திருக்கும். அதை அவரும் ஒப்புக்கொண்டார்.

அடுத்த வீட்டுக்காரர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். உதட்டில் இன்னும் வீக்கம். எங்களைப் பார்த்து, "என்ன, இன்னிக்குப் பாட்டு இல்லையா?" என்று கேட்டார்.

பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது!

போனஸ் பணத்தோடு கடைவீதிக்குப் போகும் அன்பர்களே! ஒரு முறை வாங்கினால் 10 வருடம் வீட்டில் இருக்கப்போகும் பொருள். அட்டையில் உள்ள எண்ணுக்குப் பணம் கொடுக்காதீர்கள். "அண்ணே, சத்தத்தைக் குறைங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். குறைத்த பிறகும் பாட்டு புரிந்தால் பில் போடச் சொல்லுங்கள். புரியாவிட்டால் அடுத்த கடை இருக்கிறது.